எந்த அரங்கில் ஆடினார்கள்?



ஒரு விளையாட்டுப் போட்டியின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் முதலில் தேடுவது வெற்றியாளர் பட்டியலைத்தான். எந்த ஆண்டு, எந்த அணி, எத்தனைக்கு எத்தனை. அது கிடைத்தால் வேலை முக்கால்வாசி முடிந்ததாக நினைத்துக்கொள்வோம். நான் இன்று பேச வந்திருப்பது அமெரிக்காவின் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக ஏ.சி.சி., நடத்தும் பெண்கள் கூடைப்பந்துப் போட்டியைப் பற்றி. 1978-ல் தொடங்கி 2025 வரை ஓராண்டும் விடாமல் 48 முறை நடந்திருக்கிறது. வெற்றியாளர் பட்டியலைச் சொல்லத்தான் போகிறேன். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பட்டியலையும் வைத்துப் படிக்கலாம் என்பது என் யோசனை. எந்த ஊர், எந்த அரங்கம் என்கிற பட்டியல் அது. பெண்களின் ஆட்டத்தை ஊரும் நிர்வாகமும் எந்த அளவுக்குப் பொருட்படுத்தின என்பது அதில் வெளிப்படையாகத் தெரிகிறது.

முதலில் கான்ஃபரன்ஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்காகத் தங்களுக்குள் கூட்டமைப்பு அமைத்துக்கொள்கின்றன. பெரும்பாலும் ஒரே வட்டாரத்துப் பல்கலைக்கழகங்கள் பல சேர்ந்து, குளிர்காலம் முழுக்க லீக் முறையில் ஒன்றோடொன்று ஆடும். மார்ச் பிறந்ததும் எல்லோரும் ஓரிடத்தில் கூடி, சில நாட்களுக்குள் நாக்-அவுட் ஆடி முடிப்பார்கள். லீக்கில் முதலிடம் பிடித்த அணி அங்கே முதல் ஆட்டத்திலேயே தோற்று வீட்டுக்குப் போகலாம். கடைசி இடத்து அணி கோப்பையைத் தூக்கலாம். இன்று அதில் ஜெயிக்கிற அணிக்கு, கல்லூரி விளையாட்டுகளுக்கான தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. நடத்தும் தேசியப் போட்டியில் யாருடைய சிபாரிசும் இல்லாமல் இடம் கிடைத்துவிடும்.

ஏ.சி.சி. 1953-ல் வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்போரோ நகரில் உருவானது. ஆண்கள் போட்டி அடுத்த ஆண்டே ராலே நகரில் தொடங்கிவிட்டது. அந்தப் போட்டிக்கு இருந்த மவுசுக்கு ஒரு காரணம் உண்டு. அன்றைக்கு என்.சி.ஏ.ஏ. ஒரு கூட்டமைப்பிலிருந்து ஒரே ஓர் அணியைத்தான் எடுக்கும். ஏ.சி.சி.யில் நாக்-அவுட்டில் ஜெயித்தவருக்கே அந்த இடம். 1974-ல் கிரீன்ஸ்போரோவில் நடந்த இறுதியாட்டத்தில் என்.சி. ஸ்டேட், மேரிலாந்தைக் கூடுதல் நேரத்தில் 103-100 என்று வென்றது. நாட்டின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்றான மேரிலாந்து தேசியப் போட்டிக்குப் போக முடியாமல் நின்றது. மறுவருடம் என்.சி.ஏ.ஏ. தன் போட்டியை 32 அணிகளாக விரித்து, ஒரு கூட்டமைப்பிலிருந்து இரண்டாவது அணியும் வரலாம் என்று விதியைத் தளர்த்தியதற்கு அந்த ஓர் ஆட்டம் பெரிய காரணம்.

அந்த 1974-ல் இதே பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு ஏ.சி.சி. போட்டி என்ற ஒன்றே கிடையாது. கூட்டமைப்பு பிறந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த வட்டாரத்துப் பெண்களுக்குக் கூடைப்பந்து தெரியாதோ என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கிரீன்ஸ்போரோவில் பென்னட் கல்லூரி இருக்கிறது. கறுப்பினப் பெண்களுக்கான கல்லூரி. 1930-களில் அதன் அணி தெற்கு மாநிலங்களில் பெயர்போனது. 1934-ல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து டிரிபியூன் அணி வந்து, அந்த ஊரிலேயே பென்னட்டோடு மோதியது. டிரிபியூன் அணியின் நட்சத்திரம் ஓரா வாஷிங்டன். டென்னிஸிலும் கறுப்பினத்தவரின் தேசியப் பட்டங்களை அள்ளியவர். பக்கத்து ஊரான வின்ஸ்டன்-சேலத்தில் ஹேன்ஸ் என்ற காலுறை மில் இருந்தது. மில் அணி என்றால் கோவைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்த மில்லின் பெண்கள் அணி 1951, 1952, 1953 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேசியச் சாம்பியன். இடையில் 102 ஆட்டங்களைத் தோல்வியே இல்லாமல் வென்றது. 1954-ல் நிர்வாகம் அணியைக் கலைத்துவிட்டது.

பிறகு வந்தது ஒரு வறண்ட காலம். ஓடியாடி வியர்வை சிந்துவது பெண் உடம்புக்கு ஆகாது என்ற எண்ணம் கல்வியாளர்களிடமே வேரூன்றியிருந்தது. பெண்களுக்கென்று தனி விதிகள் இருந்தன. அணிக்கு ஆறு பேர். தற்காப்பு ஆடுகிறவர் ஒரு பாதியில், கூடையில் போடுகிறவர் மறு பாதியில். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. பந்தை எத்தனை முறை தட்டலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. ஐந்து பேர், முழு ஆடுகளம் என்பது கல்லூரிப் பெண்களுக்கு அதிகாரபூர்வமாக வந்தது 1971-ல். நைஸ்மித் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ.வில் இந்த ஆட்டத்தை 1891-ல் கண்டுபிடித்தார். அங்கே படித்த ஹாரி குரோ பக், நம் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் தொடங்கினார். கடல் கடந்து வந்த ஆட்டம், அது பிறந்த நாட்டிலேயே பெண்களுக்கு முழுசாகப் போய்ச்சேர எண்பது ஆண்டுகள் ஆயின.

1971-ல் பெண் உடற்கல்வியாளர்கள் சேர்ந்து ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற சங்கத்தை அமைத்தார்கள். கல்லூரிப் பெண்களின் விளையாட்டைப் பெண்களே நடத்துவது என்பது அவர்கள் கொள்கை. என்.சி.ஏ.ஏ.வுக்கு அப்போது பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்க நேரமில்லை. மறுவருடம் ஜூன் 23-ல் அதிபர் நிக்சன் ஒரு கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் ஒன்பதாம் பிரிவு, மத்திய அரசின் நிதியைப் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பால் வேற்றுமை காட்டக் கூடாது என்றது. விளையாட்டு என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லை. ஆனால் பல்கலைக்கழகத்து விளையாட்டும் கல்வித் திட்டத்தின் பகுதிதான் என்று ஆனபோது, என்.சி.ஏ.ஏ. பதறிப்போய் அதை எதிர்த்தது. பலிக்கவில்லை. 1975-ல் விதிமுறைகள் வெளியாயின. மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். 1978 ஜூலைக்குள் பல்கலைக்கழகங்கள் சட்டத்துக்கு இணங்கியாக வேண்டும்.

ஏ.சி.சி.யின் முதல் பெண்கள் போட்டி நடந்தது அதே 1978-ன் தொடக்கத்தில். இதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இடம், சார்லட்ஸ்வில்லில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் யுனிவர்சிட்டி ஹால். அப்போது கூட்டமைப்பில் ஏழு பல்கலைக்கழகங்கள். மேரிலாந்து, வர்ஜீனியா, கிளெம்சன், பிறகு வட கரோலினாவின் நால்வர்: என்.சி. ஸ்டேட், நார்த் கரோலினா, டியூக், வேக் ஃபாரஸ்ட். லீக்கில் முதலிடம் என்.சி. ஸ்டேட்டுக்கு. இறுதியாட்டத்தில் அதை மேரிலாந்து 89-82 என்று வென்றது. சிறந்த ஆட்டக்காரர் பட்டம், மேரிலாந்தின் ஆட்டத்தை நடத்திச்சென்ற டாரா ஹைஸுக்கு. அந்த ஆண்டு மேரிலாந்து தேசிய இறுதியாட்டம் வரை போய், யு.சி.எல்.ஏ.விடம் தோற்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏ.ஐ.ஏ.டபிள்யூ. தன் தேசியப் போட்டிக்கான அணிகளை வட்டாரப் போட்டிகள் வழியாகத் தேர்ந்தெடுத்தது. ஏ.சி.சி. கோப்பையை வென்றவருக்கு அதனால் தேசியப் போட்டியில் இடம் எதுவும் உறுதியாகவில்லை. ஆண்கள் எந்தப் பரிசுக்காக அந்த நாக்-அவுட்டில் உயிரைக் கொடுத்து ஆடினார்களோ, அந்தப் பரிசே இல்லாமல் பெண்கள் ஆடினார்கள். இந்த ஏழு பல்கலைக்கழகங்களில் யார் பெரியவர் என்ற கேள்வி ஒன்றே அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

பந்தையும் சொல்ல வேண்டும். அன்று பெண்கள் ஆடியது ஆண்களின் அதே பந்தில். பெண்களின் கைக்கு அடங்கும்படி, சுற்றளவு 28.5 அங்குலமாகக் குறைக்கப்பட்ட பந்து 1984-85 பருவத்தில்தான் வந்தது. மூன்று புள்ளிக் கோடு அதற்கும் பிறகு, 1987-88-ல். முன்வரிசையில் இருக்கும் கூடைப்பந்து வீராங்கனைகளே, நீங்கள் ஆறாம் எண் பந்தில் பழகியவர்கள். ஏழாம் எண் பந்தை ஒரு கையால் இழுத்துக்கொண்டு ஓடி, எதிராளியை ஏமாற்றித் திரும்புவது எப்படி இருக்கும் என்று இன்று மாலைப் பயிற்சியில் செய்து பாருங்கள். டாரா ஹைஸின் அருமை அப்போது விளங்கும்.

மேரிலாந்துக்கு இதில் முன்அனுபவம் உண்டு. 1975 ஜனவரி 26-ல் அதன் கோல் ஃபீல்டு ஹவுஸ் அரங்கில்தான் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் ஒன்று முதன்முதலாக நாடு முழுவதும் தொலைக்காட்சியில் தெரிந்தது. எதிரணி இம்மாக்குலாட்டா, ஃபிலடெல்ஃபியாவுக்கு அருகில் ஒரு சின்னக் கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரி. முதல் மூன்று தேசியப் பட்டங்களும் அதன் கையில். அதன் ஆட்டங்களுக்குக் கன்னியாஸ்திரீகள் இரும்பு வாளிகளோடு வந்து, தட்டித் தட்டி ஆரவாரம் செய்வார்கள். அன்று மேரிலாந்து 80-48 என்று நன்றாகவே உதை வாங்கியது. மூன்றே ஆண்டுகளில் அதே மேரிலாந்து ஏ.சி.சி.யின் முதல் சாம்பியன். பயிற்சியாளர் கிறிஸ் வெல்லர், அங்கேயே படித்து அங்கேயே ஆடியவர். இந்தப் போட்டியில் எட்டுக் கோப்பைகளை அவர் வாங்கிக்கொடுத்தார்.

1982-ல் என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கும் தேசியப் போட்டி நடத்த வந்தது. சட்டம் நிலைத்துவிட்டது, கூட்டமும் வருகிறது என்று தெரிந்தபின் வந்தது. பணமும் தொலைக்காட்சியும் அதன் பக்கம் இருந்தன. ஏ.ஐ.ஏ.டபிள்யூ. அந்த ஆண்டோடு மூச்சை விட்டது. பெண்களின் விளையாட்டைப் பெண்களே ஆள்வது என்ற கொள்கையும் அதோடு போயிற்று. ஏ.சி.சி. போட்டிக்கு மட்டும் இதில் ஓர் ஆதாயம். கோப்பைக்குத் தேசிய அளவில் மதிப்பு ஏறியது.

மதிப்பு ஏறியது சரி, அரங்கம் எங்கே? முதல் சில ஆண்டுகள் போட்டி பல்கலைக்கழக வளாகங்களில் நடந்தது. 1980-களின் பெரும்பகுதி அது ஃபாயட்வில்லில். ஃபோர்ட் பிராக் ராணுவ முகாமை ஒட்டி வளர்ந்த ஊர். ஏ.சி.சி. பல்கலைக்கழகம் எதுவும் அங்கே இல்லை. 1990-களின் முற்பகுதியில் தென் கரோலினாவின் ராக் ஹில். அங்கே வின்த்ராப் பல்கலைக்கழகத்தின் உள்ளரங்கம். வின்த்ராப் இந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்ததே அல்ல. யாருக்கும் சொந்த ஊர் அல்லாத இடத்தில் ஆடுவது நியாயம்தான், மறுக்கவில்லை. ஆண்கள் போட்டியும் பொது ஊரில்தான் நடந்தது. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த பொது ஊர் கிரீன்ஸ்போரோ, சார்லட், அட்லாண்டா. பெரிய அரங்கம், பெரிய விடுதிகள், பெரிய பத்திரிகைகள். பெண்களுக்குக் கிடைத்தது, வாருங்கள் என்று கூப்பிட்ட சின்ன ஊர்.

அந்தச் சின்ன ஊர் அரங்குகளில் நடந்த ஆட்டம் சின்னதாக இல்லை. பயிற்சியாளர் டெபி ரயனின் வர்ஜீனியா அணியில் டான் ஸ்டேலி ஆடினார். வடக்கு ஃபிலடெல்ஃபியாவின் எளிய குடியிருப்பிலிருந்து வந்தவர், உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். இன்று தென் கரோலினாவின் பயிற்சியாளராக மூன்று தேசியப் பட்டங்கள் வாங்கியிருப்பவர். அவர் இருந்த காலத்தில் வர்ஜீனியா 1990-லும் 1992-லும் ஏ.சி.சி. கோப்பையை எடுத்தது. அவர் போன மறுவருடம் இறுதியாட்டத்தில் வர்ஜீனியாவும் மேரிலாந்தும் மோதின. நேரம் முடிந்தபோது சமம். கூடுதல் நேரம் கொடுத்தார்கள், சமம். மறுபடியும் கொடுத்தார்கள், சமம். மூன்றாவது கூடுதல் நேரத்தில் வர்ஜீனியா 106-103 என்று வென்றது. நாற்பது நிமிட ஆட்டம் ஐம்பத்தைந்து நிமிடம் ஓடியது. ஆண்களின் 1974 இறுதியாட்டத்தைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். இந்த ஆட்டம் சாதனைப் பட்டியலில் ஒரு வரியாகக் கிடக்கிறது.

1994-ல் நார்த் கரோலினா ஏ.சி.சி. கோப்பையை வென்று தேசியப் போட்டிக்குப் போனது. தேசிய இறுதியாட்டத்தில் லூயிசியானா டெக்கிடம் இரண்டு புள்ளி பின்தங்கி இருந்தது. மிச்சம் 0.7 விநாடி. பக்கவாட்டிலிருந்து எறியப்பட்ட பந்தைப் பிடித்த ஷார்லட் ஸ்மித் அப்படியே வீசினார். மணி அடித்தது, மூன்று புள்ளி விழுந்தது, 60-59. அந்த அணியில் பந்தை நடத்திச்சென்றவர், பின்னாளில் ஓட்டப் பந்தயத்தில் உலகறிந்த மரியன் ஜோன்ஸ். தேசியப் பட்டத்தை வைத்திருக்கும் கூட்டமைப்பு அடுத்த வசந்தத்தில் பெண்களுக்குப் பெரிய அரங்கம் தேடவில்லை.

1990-களின் பிற்பகுதியில் போட்டி சார்லட் நகருக்கு வந்தது. பெரிய நகரம்தான். ஆனால் அங்கே இரண்டு அரங்கங்கள். 1988-ல் கட்டிய புதிய கொலிசியத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள். ஆண்கள் போட்டி சார்லட்டுக்கு வந்தால் அங்கேதான் நடக்கும். பெண்கள் ஆடியது இண்டிபெண்டன்ஸ் அரீனாவில். புதியது வருவதற்கு முன் அந்த நகரின் கொலிசியமாக இருந்து, பிறகு பெயர் மாற்றப்பட்ட 1955-ம் வருடத்துக் கட்டடம் அது. அண்ணன் போட்டுக் கழித்த சட்டை தம்பிக்கு வருவது போல, ஆண்கள் கழித்த கட்டடம் பெண்களுக்கு வந்தது.

2000-ல் நிலைமை மாறியது. போட்டி கிரீன்ஸ்போரோ கொலிசியத்துக்கு வந்தது. ஆண்களின் 1974 இறுதியாட்டம் நடந்த அதே அரங்கம், இப்போது இருபதாயிரத்துச் சொச்சம் இருக்கைகளோடு. முதல் போட்டியிலிருந்து எண்ணினால் இருபத்திரண்டு ஆண்டுகள். வந்தபின் ஆட்டம் அந்த அரங்கத்துக்கு ஈடுகொடுத்தது. டியூக் 2000 முதல் 2004 வரை ஐந்து கோப்பைகள். நார்த் கரோலினா 2005 முதல் 2008 வரை நான்கு. அந்தக் காலத்தில் இந்தக் கூட்டமைப்பின் தரம் எப்படி இருந்தது என்பதற்கு 2006 ஒன்று போதும். ஏ.சி.சி. இறுதியில் நார்த் கரோலினா மேரிலாந்தை 91-80 என்று வென்றது. அடுத்த சில வாரங்களில் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் மூன்று ஏ.சி.சி. அணிகள். அரையிறுதியில் மேரிலாந்து நார்த் கரோலினாவைப் பழிதீர்த்தது. இறுதியில் டியூக். கடைசி விநாடிகளில் கிறிஸ்டி டோலிவர் ஒரு மூன்று புள்ளி வீச்சில் ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்கு இழுத்துவிட, மேரிலாந்து 78-75 என்று தேசியச் சாம்பியன் ஆனது. கிரீன்ஸ்போரோவில் தோற்றவர்கள் நாட்டையே வென்றார்கள்.

இனி ஒரு பெண்மணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். கே யோ. கிரீன்ஸ்போரோவுக்குப் பக்கத்தில் கிப்ஸன்வில் என்ற சிற்றூரில் 1942-ல் பிறந்தவர். பள்ளி ஆசிரியையாக வாழ்க்கையைத் தொடங்கி, 1975-ல் என்.சி. ஸ்டேட்டின் பயிற்சியாளர் ஆனார். 1978-ல் முதல் இறுதியாட்டத்தில் தோற்ற அணி அவருடையது. 1980, 1985, 1987, 1991 என நான்கு முறை கோப்பையை எடுத்தார். 1987-ல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை முடித்து மறுவருடம் சியோல் ஒலிம்பிக்ஸில் அமெரிக்கப் பெண்கள் அணியைத் தங்கப் பதக்கத்துக்கு நடத்திச்சென்றார். நோய் பிறகு திரும்ப வந்தது. 2006 நவம்பரில் அணியை உதவியாளர்களிடம் விட்டுவிட்டுச் சிகிச்சைக்குப் போனார். 16 ஆட்டங்கள் அவர் இல்லாமல் நடந்தன. ஜனவரி இறுதியில் திரும்பி வந்தார். சிகிச்சை நிற்கவில்லை. ஒரு நாள் மருத்துவமனை, மறுநாள் ஆடுகளம்.

அந்த 2007 மார்ச்சில் கிரீன்ஸ்போரோ அரையிறுதியில் என்.சி. ஸ்டேட்டுக்கு எதிரே டியூக். லீக் பருவம் முழுக்க ஒரு தோல்வி இல்லை, 29 ஆட்டங்களில் 29 வெற்றி, நாட்டில் முதலிடம். என்.சி. ஸ்டேட் வீராங்கனைகள் காலணியில் இளஞ்சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் பெரும்பாலும் உட்கார்ந்தபடியே ஆட்டத்தை நடத்தினார். எழுந்து நின்று கத்தும் தெம்பு உடம்பில் இல்லை. 70-65. டியூக் தோற்றது. மறுநாள் இறுதியாட்டத்தில் நார்த் கரோலினாவிடம் என்.சி. ஸ்டேட் 60-54 என்று தோற்றது. பட்டியலில் 2007-க்கு நேராக நார்த் கரோலினா என்று இருக்கும். அந்த ஆண்டுப் போட்டியை நினைவில் வைத்திருப்பவர்களைக் கேட்டால் கே யோவின் பெயரைச் சொல்வார்கள். 2009 ஜனவரி 24-ல் அவர் காலமானார். பயிற்சியாளராக மொத்தம் 737 வெற்றிகள்.

அரங்கம் கிடைத்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று இருந்தபோது 2017 வந்தது. முந்தைய ஆண்டு வட கரோலினா சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. அரசுக் கட்டடங்களில் ஒருவர் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்பதைப் பிறப்புச் சான்றிதழில் உள்ள பாலினத்தை வைத்து அது முடிவுசெய்தது. திருநர்களை அது ஒதுக்குகிறது என்று நாடெங்கும் எதிர்ப்பு. 2016 செப்டம்பரில் என்.சி.ஏ.ஏ.வும், அதைத் தொடர்ந்து ஏ.சி.சி.யும், பொது இடங்களில் நடக்கும் தங்கள் சாம்பியன்ஷிப் போட்டிகளை அந்த மாநிலத்திலிருந்து எடுத்துவிட்டன. ஆண்கள் கூடைப்பந்துப் போட்டி அந்த ஆண்டு முன்பே நியூயார்க்கின் புரூக்ளினுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவர்கள் நகர வேண்டியிருக்கவில்லை. பெண்கள் மூட்டை கட்டினார்கள். தென் கரோலினாவின் கான்வே என்ற ஊரில், நாலாயிரம் பேர்கூட உட்கார முடியாத அரங்கில் நோட்டர் டேம் கோப்பையை வென்றது. அந்தச் சட்டத்தை எதிர்த்தது சரி என்பதே என் கட்சியும். கொள்கைக்கு விலை கொடுக்கும் நாளில் யாருடைய பையிலிருந்து எடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே குறித்துவைக்க வேண்டும். அடுத்த ஆண்டு போட்டி கிரீன்ஸ்போரோவுக்குத் திரும்பியது.

அதற்கு இரண்டு ஆண்டு கழித்து அதே அரங்கில் நடந்ததைக் கேளுங்கள். 2020 மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை. பெண்கள் இறுதியாட்டத்தில் என்.சி. ஸ்டேட், ஃபுளோரிடா ஸ்டேட்டை 71-66 என்று வென்றது. 1991-ல் கே யோ வாங்கித்தந்த கோப்பைக்குப் பிறகு முதல் கோப்பை. பயிற்சியாளர் வெஸ் மூர், ஒரு காலத்தில் கே யோவிடம் உதவியாளராக இருந்தவர். ஆண்கள் போட்டி அதே வாரம் அதே அரங்கில் தொடங்கியது. மார்ச் 12 வியாழக்கிழமை, கொரோனாவால் பாதியில் நிறுத்தினார்கள். லீக்கில் முதலிடம் பிடித்திருந்த ஃபுளோரிடா ஸ்டேட் ஆண்கள் அணியை ஆடுகளத்துக்கு வரச்சொல்லி, ஆடாமலேயே கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். அன்றே தேசியப் போட்டிகளும் இரண்டு பாலாருக்கும் ரத்து. அந்த வசந்தத்தில் ஏ.சி.சி.யில் ஆடி வென்ற கூடைப்பந்துக் கோப்பை ஒன்றே ஒன்று, அது பெண்களுடையது. என்.சி. ஸ்டேட் அடுத்த இரண்டு ஆண்டுகளும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. 2021 இறுதியில் லூயிவில்லுக்கு எதிராகச் சமநிலையில் இருந்தபோது, ரைனா பெரஸ் கடைசி விநாடிகளில் வீசிய பந்து 58-56 என்று முடித்துவைத்தது.

இப்போது பட்டியல். 2025 வரை மேரிலாந்து 10, நார்த் கரோலினா 9, டியூக் 9, என்.சி. ஸ்டேட் 7, நோட்டர் டேம் 6, வர்ஜீனியா 3, கிளெம்சன் 2, லூயிவில் 1, வர்ஜீனியா டெக் 1. கூட்டினால் 48 வரும். இதில் முதலிடத்தில் இருக்கும் மேரிலாந்து இன்று ஏ.சி.சி.யிலேயே இல்லை. 2014-ல் பிக் டென் கூட்டமைப்புக்குப் போய்விட்டது. அமெரிக்கக் கால்பந்து கொண்டுவரும் தொலைக்காட்சிப் பணம் அங்கே அதிகம். டாரா ஹைஸ், கிறிஸ் வெல்லர் தொடங்கிவைத்த கணக்கு, பெண்கள் கூடைப்பந்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பேரத்தில் பாதியில் நின்றது. வந்தவர்களும் அதே வழியில் வந்தவர்கள்தான். 2024-ல் கலிஃபோர்னியாவிலிருந்து ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும், டெக்சாஸிலிருந்து எஸ்.எம்.யு.வும் சேர்ந்தன. அட்லாண்டிக் கடற்கரையின் பெயரைத் தாங்கிய கூட்டமைப்பில் பசிபிக் கரையோரத்துப் பெண்கள் ஆடுகிறார்கள். ஸ்டான்ஃபோர்டு அணி 2025-ல் கிரீன்ஸ்போரோ வர ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் பறக்க வேண்டியிருந்தது. உறுப்பினர்கள் 18 ஆகிவிட்டதால் 2025 போட்டியில் 15 அணிகளுக்குத்தான் இடம். கடைசி மூன்று அணிகளுக்கு லீக்கோடு சரி. நாக்-அவுட்டின் அழகே கடைசி இடத்தவருக்கும் ஒரு வாய்ப்பு என்பதில் இருந்தது. அது போய்விட்டது. அந்த ஆண்டு காரா லாசன் பயிற்றுவித்த டியூக், என்.சி. ஸ்டேட்டை 76-62 என்று வென்று பன்னிரண்டு ஆண்டு இடைவெளியை முடித்தது.

நிறைவாகப் பணத்தைப் பற்றி. 2021 தேசியப் போட்டியின்போது ஆண்களுக்கு ஒரு முழு உடற்பயிற்சிக் கூடமும் பெண்களுக்கு ஒரு சின்ன எடைத் தாங்கியும் வைத்திருந்ததை ஒரெகன் வீராங்கனை செடோனா பிரின்ஸ் செல்போனில் படம் பிடித்துக் காட்டினார். நாடே பார்த்தது. விசாரணை வந்தது, அறிக்கை வந்தது. ஆண்கள் தேசியப் போட்டியில் ஓர் அணி ஆடும் ஆட்டங்களைக் கணக்கிட்டு அதன் கூட்டமைப்புக்கு என்.சி.ஏ.ஏ. பங்குத்தொகை தரும் வழக்கம் 1991 முதல் இருந்தது. பெண்களுக்கு அது 2025-ல்தான் வந்தது. ஆகவே 1978-ல் எந்தப் பரிசும் இல்லாமல் ஆடிய அந்தக் கோப்பைக்கு இன்று ரொக்க மதிப்பு இருக்கிறது. அதை வென்றால் தேசியப் போட்டியில் இடம், அந்த இடத்துக்குப் பங்குத்தொகை.

அந்தத் தொகை வீராங்கனைகள் கைக்கு நேராகப் போவதில்லை. கூட்டமைப்பின் கணக்கில் விழுகிறது. எப்படிப் பிரிப்பது என்பதைக் கூட்டமைப்பு முடிவுசெய்கிறது. இதே கூட்டமைப்புதான் ஃபாயட்வில், ராக் ஹில், சார்லட்டின் பழைய அரங்கம் என்று முடிவுசெய்தது. கிரீன்ஸ்போரோ என்று முடிவுசெய்ததும் இதுவே. அரங்கத்தை எல்லோரும் கண்ணால் பார்க்க முடியும். அதனால் அதில் நடந்த ஓரவஞ்சனை என்றாவது ஒருநாள் வெட்கத்துக்கு உள்ளானது, திருத்தமும் வந்தது. கணக்குப் புத்தகம் அப்படித் திறந்து கிடப்பதில்லை. இந்தப் போட்டியின் அடுத்த ஐம்பதாண்டு வரலாற்றை எழுதப்போகிறவர், ஆட்டக் குறிப்பேட்டோடு வரவுசெலவுக் கணக்கையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். கொடுக்க மறுத்தால், மறுத்தார்கள் என்பதையும் எழுத வேண்டியிருக்கும்.